ஃபைனல் ஃபேண்டஸி: எந்த எண்ணில் தொடங்குவது?

அன்புள்ள அண்ணா,

ஜப்பானிய ஆர்.பி.ஜி. (கதைக்குள் ஒரு பாத்திரமாக நின்று ஆடும்) வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். ஃபைனல் ஃபேண்டஸி விளையாட ரொம்ப நாளாக ஆசை. ஆனால் பதினாறு வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து வரிசையாகப் போனால்தான் கதை புரியும் என்கிறான் அத்தை மகன். கூட வேலை பார்ப்பவர்கள் ஏழு என்கிறார்கள். யூடியூபில் பத்து என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனால் பிளேஸ்டேஷன் (பி.எஸ்.) 4 உண்டு, கரண்ட் இருந்தால். பர்மியப் பள்ளியில் படித்தவன் நான். தமிழ் கோயில் வகுப்பில் கற்றது. ஆங்கிலம் வாசிப்பேன், மெதுவாக. எதில் தொடங்கட்டும்?

க., தாமுவே, யாங்கோன்

அன்புள்ள க.,

நான்கில் தொடங்குங்கள். போனிலேயே. ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்று பெயரில் சேர்த்திருக்கும், பழையதைப் புதுப்பித்த பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் அத்தை மகனின் கவலையைத் தீர்த்துவிடலாம். இந்தத் தொடரில் ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனி மனிதர்கள், தனிக் கதை. ஏழில் இறந்தவரை எட்டில் யாரும் தேட மாட்டார்கள். தொடர்ந்து வருபவை சில அடையாளங்கள்தான்: படிகங்கள், பறக்கும் கப்பல்கள், சவாரி செய்ய சொகோபோ என்கிற மஞ்சள் பறவை. இரண்டாம் விளையாட்டிலிருந்து சிட் என்ற பெயரில் ஒருவர் தவறாமல் வருவார், பெரும்பாலும் கப்பல் கட்டுபவராக. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள். கூத்தில் எந்தக் கதை நடந்தாலும் கட்டியங்காரன் வருவதுபோல. பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நேரடித் தொடர்ச்சிகள் உண்டு. அவற்றின் பெயரிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லுங்கள் அத்தை மகனிடம். 1991இல் நான்காம் விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனபோது அதன் பெட்டியில் ‘இரண்டு’ என்றுதான் போட்டிருந்தது. உண்மையான இரண்டும் மூன்றும் அப்போது அங்கே வெளியாகவே இல்லை. 1994இல் ஆறாவது அங்கே ‘மூன்று’ என்று போனது. ஒரு தலைமுறையே இப்படி நடுவில் ஏறி, எதையும் தவறவிடாமல் ரசித்திருக்கிறது.

சரி, ஏன் நான்கு? நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று கரண்ட், இன்னொன்று மெதுவாக வாசிக்கும் ஆங்கிலம். எது சிறந்தது என்று வெளிநாட்டுக்காரர்கள் போடும் பட்டியலில் இந்த இரண்டும் இருக்காது. நம் ஊரில் ஆர்.பி.ஜி.யைப் பாதியில் விட்டவர்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். கதை பிடிக்காமல் விட்டவர் அவர்களில் குறைவு. குகைக்குள் வெகுதூரம் போய், சேவ் செய்யும் இடத்துக்கு நாலு அடி இருக்கும்போது கரண்ட் போயிருக்கும். தெருவே ‘மீ லா பியீ’ (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தும் நேரத்தில் இவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். மறுநாள் அதே குகைக்குள் மறுபடி இறங்க மனம் வருமா?

பிக்சல் ரீமாஸ்டரில் அந்த வேதனை இல்லை. சண்டைக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் குயிக் சேவ் செய்யலாம். புது இடத்துக்குள் நுழையும்போது தானாகவும் சேவ் ஆகும். போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு நொடியில் மூடி வைத்துவிடலாம். பஸ்ஸில் பதினைந்து நிமிடம் விளையாடினாலும் அது வீணாகாது.

அடுத்தது மொழி. இந்தப் பதிப்பில் தாய்லாந்து மொழிகூட உண்டு, பர்மியமும் தமிழும் இல்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆகவே ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டும். பத்து, 2001இல் வந்தது, தொடரிலேயே முதன்முதலாகப் பாத்திரங்கள் குரலில் பேசிய விளையாட்டு. அருமையான விளையாட்டு. ஆனால் குரல் வரும் காட்சிகளில் வசனம் தானாக நகர்ந்துவிடும். மெதுவாக வாசிப்பவருக்குக் கதையின் பாதி கையை விட்டுப் போகும். நான்கில் வசனம் பெட்டிக்குள் எழுத்தாக வரும், பெரும்பாலும் நீங்கள் தட்டும்வரை காத்திருக்கும். அகராதியைப் பார்த்துவிட்டு வரலாம். ராஜாக்களும் வீரர்களும் கொஞ்சம் பழைய பாணி ஆங்கிலம் பேசுவார்கள், அது முதலில் கடினமாக இருக்கும். ஆனால் வாக்கியங்கள் சின்னவை, பழகிவிடும்.

இதெல்லாம் வசதிக்கான காரணங்கள். எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் அதன் தொடக்கம்தான். அதை மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே பார்க்க வேண்டும்.

செசில் என்பவன் பாரன் நாட்டு வான்படைத் தலைவன், கறுப்புக் கவசம் அணிந்தவன். விளையாட்டு தொடங்கும்போதே அவன் ஒரு தவறைச் செய்து முடித்துவிட்டான். மிசிடியா என்ற ஊரில், எதிர்த்து நிற்க முடியாத மக்களிடமிருந்து படிகத்தைப் பறித்துக்கொண்டு திரும்புகிறான். கப்பலில் இருக்கும் வீரர்களுக்கே அது உறுத்துகிறது. அரசனிடம் ஏன் என்று கேட்டதும் பதவி போகிறது. நண்பன் கெயினோடு மிஸ்ட் என்ற கிராமத்துக்கு ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறார்கள்.

வழியில் ஒரு குகை, அதில் பனிமூட்டத்தாலான டிராகன். உங்கள் முதல் பெரிய சண்டை இதுதான். நாலு அடி வாங்கியதும் அது வெறும் மூட்டமாகக் கலைந்துவிடும். அந்த நேரத்தில் வெட்டினால் வெட்டு படாது, குளிர் உங்கள் இருவரையும் தாக்கும். கையைக் கட்டிக்கொண்டு, அது மறுபடி உருவம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஏ.டி.பி. என்ற, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் சண்டை முறை முதலில் வந்தது இந்த விளையாட்டில்தான். அதாவது உங்கள் முறைக்காக எதிரி காத்திருக்க மாட்டான். அப்படி ஒரு அவசரத்தைக் கொடுத்துவிட்டு, முதல் பெரிய சண்டையிலேயே ‘அடிக்காமல் இரு’ என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அப்புறம் கிராமத்தை அடைந்ததும், அந்த டிராகன் யாருடையது, நீங்கள் சுமந்து வந்த பொருள் எதற்கு என்பது தெரியும்போது, ஜெயித்த சண்டையே கசந்துவிடும். பட்டனை அழுத்தியது நீங்கள் அல்லவா? சினிமாவில் பார்த்தால் அது செசிலின் பாவம், இங்கே உங்கள் கையும் அதில் இருக்கிறது. அந்தக் கை எப்படிக் கழுவப்படுகிறது என்பதற்கு பின்னால் ஒரு மலை உச்சியில் இன்னொரு சண்டை வரும். அதைப் பற்றி யூடியூபில் பார்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

புதியவருக்கு இன்னொரு நிம்மதியும் இதில் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் தொழிலையும் கதையே தீர்மானித்துவிடும். எந்தத் திறமையை வளர்ப்பது என்று யோசித்துத் தலை சுற்ற வேண்டாம். செட்டிங்ஸில் சண்டை முறையை ‘வெயிட்’ என்று மாற்றி வைத்துவிட்டால், மந்திரமோ மருந்தோ தேடும் நேரத்தில் கடிகாரம் நிற்கும். ஹெட்போன் கட்டாயம் போடுங்கள். இசை நோபுவோ உவேமாட்சுவுடையது. வான்படைக் கப்பல்கள் வரும்போது ஒலிக்கும் அந்த அணிவகுப்பு மெட்டைப் போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிகூட வராது.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, 1987இல் வந்தது. வரலாற்றில் ஆர்வம் வந்தபின் போங்கள், கதை மெலிந்தது. இரண்டில் தொடங்கவே வேண்டாம். அதில் பாத்திரங்கள் வளரும் முறை விசித்திரமானது, தொடரின் மற்றவற்றைப் பற்றித் தவறான எண்ணம் வந்துவிடும். ஏழு, 1997இல் வந்த மூலப் பதிப்பு, போனிலும் கிடைக்கும். உங்கள் நண்பர்கள் சொல்வது 2020இல் வந்த ரீமேக்கை என்றால், மூலத்தை முடித்துவிட்டு அதைத் தொடுங்கள். பழைய கதை தெரிந்தவரோடு பேசும் விளையாட்டு அது. நான்குக்குப் பிறகு நான் கைகாட்டுவது ஆறு, அதன்பின் ஒன்பது. இரண்டும் போனில் உண்டு, இரண்டிலும் வசனம் எழுத்தில்தான். அதற்குள் வாசிப்பு வேகமாகியிருக்கும். அப்போது மாமா வீட்டில் பத்தை ஆரம்பியுங்கள், அதன் எச்.டி. பதிப்பு பி.எஸ். 4இல் ஓடும்.

பிக்சல் ரீமாஸ்டரில் வந்த முதல் ஆறு விளையாட்டுகளையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனித்தனியாகவே விற்கிறார்கள். நான்கை மட்டும் வாங்குங்கள். குகைக்குள் போகும் முன் பாரன் கடையில் கொஞ்சம் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்ட் கிராமத்தைத் தாண்டியதும் எனக்கு எழுதுங்கள்.