ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஈரோட்டில் என் மனைவி பெயரில் விசைத்தறிக் கூடம் நடத்துகிறோம். கடனுக்குத் துணி எடுத்த வியாபாரி ஒருவர் ரூ.14 லட்சம் பாக்கி வைத்துவிட்டார். வட்டியோடு 16 லட்சம் வர வேண்டும். வழக்குப் போட்டால் எவ்வளவு செலவாகும்? ஜெயித்தால் அது திரும்ப வருமா? வசூலாகும் தொகையில் 20 சதவீதம் தந்தால் போதும், இப்போது ஃபீஸ் வேண்டாம் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வசூலில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அப்படி எழுதும் ஒப்பந்தம் செல்லாது. பங்கைப் பற்றி நடுவில் தகராறு வந்தால் உங்கள் வழக்குதான் தேங்கும். ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரலாமா என்று கேளுங்கள், அதில் தவறில்லை. வக்கீல் அல்லாத ஒருவர் பணம் போட்டு வழக்கை நடத்த உதவுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று 2018-இல் ஏ.கே.பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆனால் அவர் கேட்கும் பங்கு அநியாயமாக இருந்தால் அந்த ஒப்பந்தமும் நிற்காது.

இனி செலவு. தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் ஃபீஸ் 7.5 சதவீதமாக இருந்தது. 2017-இல் அது 3 சதவீதமானது. உங்கள் 16 லட்சத்துக்கு ரூ.48,000 கட்ட வேண்டும். பழைய கணக்கில் ரூ.1,20,000 ஆகியிருக்கும். வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய ஃபீஸ் முழுவதும் திரும்ப வரும். கோர்ட் அனுப்பாமல் நீங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரக்கு விற்ற பாக்கி ரூ.3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும். உங்களுக்குச் சாதகமான மாற்றம் அங்கேதான் இருக்கிறது. சாதாரண சிவில் வழக்கில் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் வக்கீல் ஃபீஸ் விதிகளில் உள்ள அட்டவணைப்படியானது. உண்மையில் கொடுத்ததில் சிறு பங்குதான் தேறும். பொய் வழக்காடியதற்கான ஈட்டுச் செலவுக்கும் ரூ.3,000 உச்சவரம்பு உண்டு. 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளுக்கு மட்டும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழக்குச் செலவைப் பற்றிய 35-ஆம் பிரிவை மாற்றி எழுதி, அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுப்பதுதான் பொது விதி. வக்கீல் ஃபீஸும் சாட்சிச் செலவும் அதில் அடங்கும். கொடுக்க வேண்டாம் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

ஆனால் காகிதம் இல்லாமல் இது கைக்கு வராது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள் தீர்ப்பு நாளில் வெறுங்கையோடு நிற்பார்கள். ஃபீஸை வங்கி வழியாகக் கொடுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். பிராதிலேயே, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவிலேயே, செலவுத்தொகையைக் கோருங்கள். தீர்ப்புக்கு முன் ஃபீஸ் சான்றும் செலவுப் பட்டியலும் தாக்கலாகிவிட்டனவா என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நியாயமான சமரச யோசனையை எதிராளி காரணமின்றித் தட்டிக்கழித்தாரா என்பதையும் நீதிபதி பார்ப்பார். அதனால் வக்கீல் நோட்டீஸிலேயே ஒரு யோசனை வையுங்கள்: "30 நாளுக்குள் கட்டினால் வட்டியில் பாதியை விட்டுக்கொடுக்கிறோம், கட்டாவிட்டால் முழுத் தொகையும் கோருவோம், செலவுத்தொகை பற்றிய விசாரணையில் இக்கடிதத்தைக் காட்டுவோம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சமரச மையத்தில் பேசியதைக் கோர்ட்டில் காட்ட முடியாது, அங்கே பேசுவதெல்லாம் ரகசியம். யோசனையை அங்கே மட்டும் வைத்தவர்களுக்கு இந்த வாய்ப்பு போய்விடுகிறது.

அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வணிக வழக்கை, சமரசத்துக்கு மனு போடாமல் தாக்கல் செய்ய முடியாது. 2022 ஆகஸ்ட் 20 முதல், அந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வந்த பிராது நிராகரிக்கப்படும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ரூ.1,000 கட்டி மனு கொடுங்கள். எதிராளி வந்தால் உங்கள் தொகைக்கான சமரசக் கட்டணம் ரூ.30,000, ஆளுக்குப் பாதி. இறுதி நோட்டீஸுக்கும் வராவிட்டால் 'தொடங்கவில்லை' என்று அறிக்கை தருவார்கள், அதை வைத்து வழக்குப் போடலாம். சமரசமானால் அந்த உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு, அதாவது கோர்ட் தீர்ப்பைப் போல அதை நிறைவேற்றலாம்.

தொழில் உங்கள் மனைவி பெயரில் இருப்பதால் வாதி அவர்தான். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அதே ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்க அவருக்கு உரிமை உண்டு. வழக்கில் நியாயம் இருப்பதாக அவர்கள் திருப்தியடைந்தால் போதும். விற்பனைப் பேச்சும் வசூல் பேச்சும் நீங்களே நடத்தியிருந்தால், உங்களுக்குப் பவர் பத்திரம் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரில் அறிந்ததை நீங்கள் சாட்சி சொல்லலாம்.

துணி அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்திருந்தால், கோர்ட்டுக்குப் போகுமுன், சிறு தொழில்களுக்கு வர வேண்டிய பாக்கியை விசாரிக்கும் குறுசிறு தொழில் வசதியாக்கல் கவுன்சிலை யோசியுங்கள். அங்கே 3 சதவீத கோர்ட் ஃபீஸ் கிடையாது. ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். தீர்ப்பை எதிர்க்க நினைக்கும் வியாபாரி முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் பில் தேதிகளை இன்றே எடுத்துப் பாருங்கள். கடன் தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்தும் மூன்று ஆண்டுதான் வழக்குப் போடக் கெடு. ஒவ்வொரு பில்லுக்கும் இது தனித்தனியாக ஓடும்.