விண்கலத்தை இயக்கும் வேலை: கேட்டதும் சொன்னதும்

கே: விண்கலத்தை ஜாய்ஸ்டிக் வைத்துத்தான் ஓட்டுவீர்களா?

ப: இல்லை. செவ்வாய்க்கு சிக்னல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதனால் எல்லாவற்றையும் நேரம் குறித்த கட்டளைகளாக எழுதி, சோதித்து, முன்கூட்டியே அனுப்பிவிடுவோம்.

கே: ஷிஃப்டில் என்னதான் செய்வீர்கள் சார்?

ப: தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் கலம் ஒரு தரை நிலையத்துக்குத் தென்படுவதே பத்து நிமிடம் போலத்தான். சிக்னல் பிடித்ததும் முதலில் பார்ப்பது பேட்டரி, வெப்பநிலை, கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. அப்புறம் சேமித்த தரவை இறக்கி, அடுத்த கட்டளைகளை ஏற்ற வேண்டும். இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் ஒன்றும் மேலே போகக் கூடாது, எவ்வளவு அவசரமானாலும் சரி. திரையில் ஓர் எண் சிவப்பானால் உடனே எதையாவது அனுப்பக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். பெரிய கோளாறு என்றால் கலம் தானே சேஃப் மோடுக்குப் போய், தேவையில்லாத கருவிகளை அணைத்துவிட்டு, சோலார் பேனலைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு காத்திருக்கும். கெட்டது கருவியா, சென்சாரா என்று முதலில் பாருங்கள்.

கே: செவ்வாயின் தரையில் ஓடும் ரோவர் வண்டிக்காவது ஜாய்ஸ்டிக் உண்டா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மனிதர்களே எதற்கு? 2023 ஜூலையில் தப்பான கட்டளை அனுப்பி, சூரியக் குடும்பத்தின் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் நாசாவின் வாயேஜர் 2 கலத்தின் ஆன்டெனாவைப் பூமியை விட்டு 2 டிகிரி திருப்பியது அவர்கள்தானே?

ப: மீட்டதும் அவர்கள்தான். ஆஸ்திரேலியாவின் கான்பெரா தரை நிலைய ஆன்டெனாவிலிருந்து முழு வலுவில் கட்டளை அனுப்பிவிட்டு, பலித்ததா என்று தெரிய 37 மணி நேரம் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று தொடர்பு திரும்பியது.

கே: அதே ஆள்தான் சார். ஒன்றும் செய்யாவிட்டாலும் அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே பூமிப் பக்கம் திரும்பியிருக்குமே?

ப: சரியான பிடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செவ்வாயைச் சுற்றிவந்த நாசா கலம் மார்ஸ் குளோபல் சர்வேயரின் கதையையும் கேளுங்கள். 2006 ஜூனில் போன ஒரு கட்டளை தப்பான நினைவக முகவரியில் எழுதிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அதனால் நவம்பரில் சோலார் பேனல் தான் திரும்பக்கூடிய எல்லையில் முட்டிக்கொள்ள, கலம் சேஃப் மோடுக்குப் போனது, போன வாக்கில் ஒரு பேட்டரியை நேரே வெயிலுக்குக் காட்டியது. அது சூடானதை மென்பொருள் 'சார்ஜ் அதிகமாகிவிட்டது' என்று புரிந்துகொண்டு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்த, மின்சாரம் தீர்ந்து கலமே போய்விட்டது. மென்பொருள் தன் விதிப்படிதான் நடந்தது.

கே: இடையில் வருகிறேன். அங்கேயும் முதல் தப்பு மனிதருடையதுதானே?

ப: ஆமாம், அதனால்தான் இரண்டாவது ஆள், இரண்டாவது ஆள் என்று கத்துகிறேன். அவரும் அதே தாளைப் பார்த்துத் தலையாட்டினால் பயனில்லை, கலத்தைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கே: என்ன படிக்க வேண்டும்?

ப: மின்னணுவியல், கணினி, இயற்பியல், விண்வெளிப் பொறியியல், எதுவானாலும் நுழையலாம். நிரல் எழுதத் தெரியட்டும். இரவு ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். செவ்வாய் நாள் 24 மணி 39 நிமிடம் என்பதால், ரோவர் இறங்கிய புதிதில் குழுவின் வேலை நேரமும் தினம் நாற்பது நிமிடம் தள்ளிப் போகும்.

கே: ராக்கெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

ப: அது வேறு குழு. கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்த பிறகுதான் எங்கள் வேலை, எஞ்சின்காரர்களைக் கேளுங்கள்.