லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். சுற்றிலும் ஏரி இல்லை, கரை மாதிரி ஒரு மேடுகூடக் கண்ணில் படவில்லை. பெயரைச் சும்மா வைத்துவிட்டார்களா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

சும்மா வைத்த பெயர் இல்லை அம்மா. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்லாக வளைந்து ஒரு பெரிய ஏரி கிடந்தது. பழைய வரைபடங்களில் அதற்கு ‘லாங் டேங்க்’ என்று பெயர். 1920-களில் அதன் தண்ணீரை வடித்து, மண் கொட்டி மேடாக்கி எழுப்பியதுதான் தியாகராய நகர். உங்கள் தெரு அந்த ஏரிக்கு மேற்கே இருந்த ஊர்ப்புறம்.

அங்கே கரையைத் தேடினால் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. ஓடிவரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடம் தாழ்ந்த பக்கம்தான் என்பதால், ஏரிக்கரையைக் கிழக்கில் போட்டார்கள். மேற்கில் கரை தேவையில்லை. தண்ணீர் மெல்லப் பரவி, ஆழம் குறைந்து, வயலோடு கலந்துவிடும். கரையோரமாகப் போனது மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை.

ஒருநாள் காலையில் இதை நடந்தே பாருங்கள். லேக் வியூ ரோட்டிலிருந்து மாம்பலம் ரயில் நிலையம், அதைக் கடந்து ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலையில் வடக்கே திரும்பினால் பனகல் பூங்கா, அங்கிருந்து வெங்கட்நாராயணா சாலை வழியாக நந்தனம். ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஏரியின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்குக் கரை வரை குறுக்கே நடந்திருப்பீர்கள். நல்ல மழைக்கு மறுநாள் போனால், தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மழையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வடிகால் அடைத்திருந்தாலும், பக்கத்து ரோட்டை உயர்த்திப் போட்டிருந்தாலும் தண்ணீர் நிற்கும். இரண்டு மூன்று மழைக்கும் அதே இடத்தில் நின்றால்தான் அது பழைய பள்ளம் என்று நம்பலாம்.

கேள்வி: ஏரி, தாங்கல் என்று பெயர் உள்ள தெருக்களில் உண்மையிலேயே நீர்நிலை இருந்ததா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், அம்பத்தூர்

பழைய கிரையப் பத்திரத்தைப் பாருங்கள். உங்களுடையதோ, பக்கத்து வீட்டுக்காரர் காட்டச் சம்மதித்தால் அவருடையதோ போதும். கடைசியில் ‘சொத்து விவரம்’ என்ற பகுதியில் நான்கெல்லை எழுதியிருக்கும். புதிய பத்திரத்தில் ‘வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே மனை எண் 14’ என்று மட்டும் இருக்கும். அதனால் எந்தப் பயனும் இல்லை. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தில் ‘வடக்கே ஏரிப் புறம்போக்கு, கிழக்கே பாசன வாய்க்கால்’ என்று இருந்தால், அந்த ஒரு வரியே சாட்சி.

அடுத்து, அதிலுள்ள சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகைப்பாடு அதில் இருக்கும்: நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. நஞ்சை என்றால் பாசனம் இருந்த நிலம். தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். நத்தம் என்றால் பழைய குடியிருப்பு. பெரும்பாலும் தவறு நடப்பது பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் குழப்பிக்கொள்வதால்தான். நகர அளவை நடந்த இடங்களில் எண்கள் மாறியிருக்கும். பத்திரத்தில் எந்த எண் என்று பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு தேடுங்கள்.

தாங்கல் என்பது சிறிய ஏரி. பழவந்தாங்கலில் இருப்பதும் அந்தச் சொல்தான். மதகு, கலங்கல், வாய்க்கால் என்று எந்தத் தெருப் பெயரில் வந்தாலும் அதைத்தான் முதலில் ஆராயச் சொல்வோம். தலைவர் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கலாம். கலங்கல் என்ற பெயர் தண்ணீர் வழிந்த இடத்துக்குத்தான் வரும்.

எல்லையம்மன் கோயில் தெரு என்று இருந்தால் அங்கேயும் நின்று பாருங்கள். பழைய கிராமம் முடிந்த இடமாக இருக்கக்கூடும். நேர்நேராகப் போகும் தெருக்கள் மனை பிரித்தபோது போட்டவை. காரணமில்லாமல் வளைந்து போகும் தெரு வாய்க்காலாகவோ வரப்பாகவோ இருந்திருக்கலாம்.

கேள்வி: நவாபின் குதிரைகள் இருந்த ‘கோடா பாக்’தான் கோடம்பாக்கம் ஆனது என்கிறார்களே, சரியா?
– வாசகர், வடபழனி

எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: நுங்கம்பாக்கம், கீழ்ப்பாக்கம், மீனம்பாக்கம், ஆதம்பாக்கம். இத்தனை ஊரிலும் நவாபுக்குத் தோட்டம் இருந்ததா? பாக்கம் என்றால் குடியிருப்பு. சிலப்பதிகாரத்தில் புகார் நகரமே மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரு பகுதியாக வருகிறது. வில்லிவாக்கம், புரசைவாக்கத்தில் வரும் ‘வாக்கம்’ இதன் திரிபு. ஒரு பெயரைத் தனியாக எடுத்து விளக்கினால் எந்தக் கதையும் பொருந்தும். சுற்றியுள்ள பத்துப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால்தான் கதை நிற்குமா என்று தெரியும்.

கேள்வி: தி.நகரில் ஒரே சாலைக்குப் பலகையில் ஒரு பெயர், கடை முகவரியில் ஒரு பெயர். எதை நம்புவது?
– வாசகி, அசோக் நகர்

இரண்டையுமே எழுதிக்கொள்ளுங்கள். தி.நகர் உருவான காலத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால்தான் பிட்டி தியாகராய செட்டியார், முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசர், 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மான், டாக்டர் நடேசன் ஆகியோரின் பெயர்கள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. பின்னாளில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்க அரசு முடிவெடுத்தபோது ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆயிற்று. சாதியை எடுத்தது நியாயம். மிஞ்சிய எழுத்துகளை வைத்து ஆள் யார் என்று மக்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் குறை. கோபதி நாராயணசாமி சாலை என்று முழுப்பெயரையே எழுதியிருக்கலாம்.

பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் முடிச்சுப் போட வேண்டாம். நீதிக்கட்சிக்காரரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில்தான் அதைச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்கிறார்கள்.

கேள்வி: தெருத்தெருவாக நடந்து பெயர் சேகரிக்க ஆசை. என்ன எடுத்துப் போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர். காலை 6 மணிக்குக் கிளம்பி 8-க்குள் முடியுங்கள். வெயிலும் வண்டியும் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு வார்டில் பாதி போதும். மாநகராட்சிப் பலகையை மட்டும் பார்க்காதீர்கள். பழைய வீட்டு வாசல் கல், கோயில் உபயப் பலகை, மின்கம்பம், இஸ்திரிக்காரர் சொல்லும் பெயர், நான்கையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பெரியவர்களிடம் “இந்தப் பெயர் எப்படி வந்தது?” என்று கேட்டால் கதைதான் வரும். “முன்னே இங்கே என்ன இருந்தது?” என்று கேளுங்கள், கிணறு, தோப்பு, களம் என்று பொருளாகச் சொல்வார்கள்.

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை. தோல் பதனிடும் ஆலைக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அது எங்கிருந்து வந்தது, கழிவு எந்தப் பக்கம் போனது என்று கேட்டுக்கொண்டே நடங்கள்.