மூன்றடி ஆளுக்கு எவ்வளவு பலம்? – கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டில் வரும் ஹாஃப்லிங், நோம், கோபோல்ட் போன்ற குட்டி இனங்களின் உடம்பைப் பற்றி வந்த கேள்விகள் இவை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்தே பதில் சொல்கிறேன். வேறு பதிப்பு என்றால் அங்கேயே குறிப்பிடுகிறேன்.

அண்ணா, ஹாஃப்லிங் நிஜத்தில் எவ்வளவு சின்னது? படத்தில் பார்த்தால் பத்து வயசுப் பையன் மாதிரி தெரிகிறதே?

படத்தை நம்பாதீர்கள். புத்தகத்தில் மூன்றடி, 40 பவுண்டு என்றுதான் இருக்கிறது. நம் கணக்கில் 91 சென்டிமீட்டர், 18 கிலோ. ஏறக்குறைய மூன்று வயதுக் குழந்தையின் உயரமும் ஐந்து வயதுக் குழந்தையின் எடையும். சாப்பாட்டு மேசை பக்கத்தில் நின்றால் தலை மட்டும்தான் மேலே தெரியும். அடுத்த முறை சத்திரத்துக் காட்சி நடத்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், காட்சியே மாறிவிடும்.

இன்னொன்று. ஆறடி, 80 கிலோ மனிதனை அதே வாகில் பாதி உயரத்துக்குச் சுருக்கினால் எடை எட்டில் ஒன்றாகிவிடும், 10 கிலோதான் மிஞ்சும். ஹாஃப்லிங் 18 கிலோ இருக்கிறது என்றால் அது நல்ல கட்டுக்குட்டான உடம்பு.

என் டேபிளில் (ஆடும் குழுவில்) ஒருவர் ஸ்ட்ரெங்த் (உடல்பலப் புள்ளி) 20 உள்ள ஹாஃப்லிங் பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்) ஆடுகிறார். கோலியாத் (ராட்சத உடம்புள்ள இனம்) ஆடுபவருக்கும் 20. "இதென்ன நியாயம்?" என்று வாரா வாரம் சண்டை. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நான் என்ன சொல்வது?

இரண்டு பேருக்கும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் விதி. சுமக்கும் எடை என்பது ஸ்ட்ரெங்த் பெருக்கல் 15 பவுண்டு. ஸ்மால் (ஹாஃப்லிங் அளவு), மீடியம் (மனிதன், கோலியாத் அளவு) என்ற இரண்டு உடல் அளவுக்கும் அதே கணக்கு. 20 என்றால் 300 பவுண்டு, 136 கிலோ. இந்த இரண்டு பேரில் கோலியாத்துக்கு மட்டும் இது இரட்டிப்பாகும், அவருடைய இனத்துக்கு உள்ள சலுகை அது. ஆக விதி ஏற்கெனவே கோலியாத்துக்கு ஒரு படி மேலே இடம் கொடுத்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை போல.

இனி உடம்பு. தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடை கன அளவைப் பொறுத்தது. கலிலியோ 1638-லேயே எலும்பை வைத்து இதே தர்க்கத்தை எழுதிவிட்டார். உயரம் பாதியானால் பலம் கால்வாசியாகும், எடை எட்டில் ஒன்றாகும். மொத்த பலம் குறைகிறது, ஆனால் தன் எடைக்குத் தன் பலம் இரட்டிப்பாகிறது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியை இழுத்துப்போவதன் ரகசியமும் இதுதான்.

நிஜ ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். துருக்கியின் பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோக்லு, உயரம் 147 செ.மீ. 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அவரையே 91 செ.மீ.க்குச் சுருக்கினால், மேலே சொன்ன கணக்குப்படி தன் எடையைப் போல ஐந்து மடங்கு தூக்குவார். 18 கிலோ ஹாஃப்லிங்குக்கு அது 90 கிலோ. ஒரு வளர்ந்த ஆளைத் தலைக்கு மேல் தூக்குகிற மூன்றடி ஆள்! விதி தருகிற 136 கிலோவுக்கு இது போதாதுதான். ஆனால் டிராகன் பறக்கிற உலகத்தில் அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மனிதக் குரங்குக்கு வேறு மாதிரித் தசை இருப்பது போல ஹாஃப்லிங்குக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். சிம்பன்சியின் தசை, அதே அளவு மனிதத் தசையைவிட சுமார் 1.35 மடங்கு வேலை செய்கிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் சின்ன உடம்பால் நஷ்டமே இல்லையா?

இருக்கிறது, பலத்தில் இல்லை, எடையில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. ஹாஃப்லிங் கதவை உடைக்கட்டும், கம்பியை வளைக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் 140 கிலோ கோலியாத்தை ஓடிவந்து இடித்துத் தள்ளுகிறேன் என்றால், 18 கிலோ எவ்வளவு வேகமாக வந்தாலும் 18 கிலோதான். விதி இதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு படி பெரிய உடம்பு வரை பிடிக்கலாம், தள்ளலாம் என்கிறது, அத்தோடு சரி. பழைய மூன்றரைப் (3.5) பதிப்பில் ஒவ்வொரு அளவு வித்தியாசத்துக்கும் 4 கூட்டல் கழித்தல் இருந்தது. அதைத் தூக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. என் டேபிளில் தள்ளுவது, இழுப்பது என்று வந்தால் சின்ன ஆளுக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுப்பது). அவரே எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், முதுகில் ஏறினால் அது கிடையாது. அப்புறம் பாருங்கள், இடிப்பதை விட்டுவிட்டுக் காலைத்தான் தேடுவார்கள்.

ஹாஃப்லிங் கிரேட்ஸ்வோர்ட் (இரண்டு கைப் பெரிய வாள்) பிடிக்கலாமா சார்?

2014 விதிப்படி பிடிக்கலாம், ஆனால் "ஹெவி" (கனமான) ஆயுதம் என்பதால் எப்போதும் டிஸ்அட்வான்டேஜ். லாங்போவும் (நீள வில்) இந்தக் கணக்கில் சேரும், பலர் மறந்துவிடுவார்கள். லாங்ஸ்வோர்டை (நீள வாள்) இரண்டு கையால் பிடித்தால் சிக்கல் இல்லை, அடிக்கு 1டி10 (பத்துப் பக்கப் பகடை ஒன்று) கிடைக்கும். 2024 விதியில் உடல் அளவை விட்டுவிட்டார்கள். கைச்சண்டை ஆயுதத்துக்கு ஸ்ட்ரெங்த் 13, வில்லுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்புப் புள்ளி) 13 இருந்தால் போதும்.

பிளேட் (உலோகத் தகட்டு) கவசம் 65 பவுண்டு. ஹாஃப்லிங்கே 40 பவுண்டுதானே? கவசம் ஆளைவிடக் கனமாக இருக்கிறதே!

ஆமாம், ஐந்தாம் பதிப்பில் எனக்குப் பிடித்த அபத்தம் இதுதான். மூன்றரையில் ஸ்மால் கவசத்துக்குப் பாதி எடை என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். சுமக்கும் அளவு முக்கால், கவசம் பாதி, ஆக குட்டி வீரனுக்கு லாபம்தான். தகட்டின் தடிமன் மாறாமல் உயரம் பாதியானால் பரப்பு கால்வாசி, 16 பவுண்டு போதும். நான் பாதி எடை போட்டுக்கொள்கிறேன். கணக்கு சுலபம்.

கோபோல்டுக்கு ஸ்ட்ரெங்த் மைனஸ் 2 உண்டா, இல்லையா?

2016-இல் விளையாடும் இனமாக வந்தபோது இருந்தது. 2020 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததே சரி.

பழைய பதிப்புகள் இதைவிட நிஜத்துக்கு நெருக்கமா?

1978 விதிப் புத்தகத்தில் ஹாஃப்லிங் ஆணுக்கு ஸ்ட்ரெங்த் உச்சவரம்பு 17, பெண்ணுக்கு 14. நிஜம் என்ற பெயரில் ஒரு பெண் கேரக்டரின் வாசலையே அடைத்த விதி அது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஆண் பெண் வித்தியாசம் போய்விட்டது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஹாஃப்லிங் நாய் மேல் ஏறிப் போகலாமா? ப்ளீஸ் ஆமாம் என்று சொல்லுங்கள்.

ஆமாம். ஏறுபவரைவிட ஒரு படி பெரிய விலங்காக இருந்தால் போதும். மாஸ்டிஃப் நாய் மீடியம், விலை 25 பொற்காசு, 195 பவுண்டு சுமக்கும். பிளேட் கவசத்தை முழு எடையில் போட்டாலும் ஆளோடு சேர்த்து 105 பவுண்டுதான் வருகிறது.

தாவும் தூரத்தைக் குறைக்க வேண்டாமா? கால் சின்னதாயிற்றே.

வேண்டாம். ஓடிவந்து தாவினால் ஸ்ட்ரெங்த் எத்தனையோ அத்தனை அடி என்பது எல்லோருக்கும் பொது. உடம்பு சிறுத்தாலும் எம்பும் உயரம் பெரிதாகக் குறைவதில்லை என்பதை விலங்குகளிடமே பார்க்கலாம். இந்த இடத்தில் விதியை மாற்றப் போய் நானே புது அபத்தத்தை உண்டாக்க விரும்பவில்லை.

சாப்பாடு?

மூன்றரையில் பாதி ரேஷன். எடையில் கால்வாசிகூட இல்லாத ஆளுக்குப் பாதி அதிகம் என்று தோன்றும். ஆனால் சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும், அதனால் எடைக்கு அதிகமாகவே தின்னும். மூன்றில் ஒரு பங்கு என்பது சரியான கணக்கு. ஹாஃப்லிங்குகளின் நாக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் பாதியே போட்டுக்கொள்ளுங்கள்.