பழைய காரின் லெதர் சீட்டுக்கு எண்ணெய் தடவலாமா?

கேள்வி: 2009 மாடல் ஹோண்டா அக்கார்ட் ஒன்றை போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐவரி நிற லெதர் சீட். வாங்கும்போது பளபளவென்று இருந்தது. இப்போது சீட் விறைப்பாக இருக்கிறது. டிரைவர் சீட்டில் கதவுப் பக்கம் இருக்கும் மேட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஹெட்ரெஸ்ட் கறுத்துப் பிசுபிசுக்கிறது. வண்டி பெரும்பாலும் வெயிலில்தான் நிற்கும். காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் ஒரு டீட்டெய்லிங் கடையில் 'லெதர் டிரீட்மென்ட்' என்று 6,500 ரூபாய் கேட்கிறார்கள், மூன்று வருடம் கியாரண்டியாம். என் மாமனாரோ தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும் என்கிறார். எதைச் செய்வது? — வாசகர், திருச்சி.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் சீட்டுக்கு முதலில் தேவை குளியல். எண்ணெயும் டிரீட்மென்ட்டும் அழுக்கின் மேல் இன்னொரு அடுக்கைத்தான் சேர்க்கும்.

மாமனார் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. செருப்பு, பெல்ட், மாட்டுவண்டி வார் எல்லாம் மேல்பூச்சு அதிகம் இல்லாத தோல். எண்ணெய் தடவினால் உள்ளே இறங்கும், தோல் இளகும். கார் சீட்டின் தோல் அந்த ரகம் இல்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் பதனிடும் இடத்துக்குப் போனால் பார்க்கலாம்: தோலுக்குத் தேவையான எண்ணெயைப் பெரிய டிரம்மில் போட்டுச் சுழற்றி அங்கேயே உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். ஃபேட் லிக்கர் என்பார்கள். அதற்கப்புறம் கார் சீட்டுக்குப் போகிற தோலின்மேல் நிறமும், அதற்கு மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சும் வருகின்றன. நீங்கள் உட்காருவதும் துடைப்பதும் அந்தப் பூச்சின் மேல்தான். அதன்மேல் எண்ணெய் தடவுவது, நெயில் பாலிஷ் போட்ட நகத்தில் மருதாணி வைப்பது மாதிரி. இறங்க வழியில்லாத எண்ணெய் மேலேயே தங்கி, தூசியைப் பிடித்து, கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உள்ளே போகும். போன இடம் திட்டாகக் கறுக்கும். ஐவரி நிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

சரி, வாங்கும்போது பளபளவென்று இருந்ததே, அது என்ன? அதுதான் உங்கள் பிரச்சினையின் பாதி. நல்ல நிலையில் இருக்கும் கார் சீட் பளபளக்காது. லேசான மங்கலோடு, தொட்டால் உலர்ந்ததாக இருக்கும். பளபளத்தால் யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய கார் விற்பவர்களில் பலர் வண்டியை நிறுத்திவைக்கும் முன் டாஷ்போர்டு, டயர், சீட் எல்லாவற்றுக்கும் ஒரே சிலிக்கான் திரவத்தை அடித்துவிடுகிறார்கள். லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்குபவர் உள்ளே எட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்துக்கு அது போதும். அப்புறம் உங்கள் வியர்வையும் தூசியும் அதோடு கலந்து பிசுபிசுப்பாகிறது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. பின்னாளில் அந்த சீட்டுக்கு நிறம் பூசப் போனால், சிலிக்கான் மிச்சம் இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். நிறம் பூசுகிறவர் உங்கள் தோல் சரியில்லை என்பார்.

சர்வீஸ் சென்டரில் 'இன்டீரியர் கிளீனிங்' என்று பில்லில் ஒரு வரி இருக்குமே, அங்கேயும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரு பையன், ஒரு பாட்டில், ஒரு துணி. அதே துணியால் கதவு, ஸ்டீயரிங், சீட். கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் தோலை எப்படித் துடைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும்; அந்தப் பக்கத்தை வேலை செய்கிற பையனிடம் யாரும் காட்டுவதில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் 'சீட்டுக்கு எதையும் பூச வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் நடக்காது.

6,500 ரூபாய் டிரீட்மென்ட்டில் என்ன செய்வார்கள் என்று கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கிளீனர்? கழுவிய பிறகு என்ன பூசுவீர்கள், அந்தப் பாட்டிலைப் பார்க்கலாமா? வெடிப்பு திரும்ப வந்தால் கியாரண்டியில் இலவசமாகச் சரிசெய்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'சார், கியாரண்டி கோட்டிங்குக்குத்தான், லெதருக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மெயின்டனன்ஸ் செய்துகொள்ள வேண்டும், அதற்குத் தனி சார்ஜ்.' நானோ, செராமிக் என்று என்ன பெயர் வைத்தாலும் தோலுக்குள் அது எதையும் திருப்பிக் கொடுக்காது. மேல்பூச்சில் கறை பிடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நேர்மையாக வேலை செய்கிற கடைகளும் உண்டு. அவர்கள் முதலில் சீட்டின் அழுக்கு பற்றிப் பேசுவார்கள், பேக்கேஜ் பற்றி இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முன் சீட் இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலைப் பொழுது ஒதுக்கினால் போதும்.

தொடங்குமுன், எந்தப் பகுதி தோல், எந்தப் பகுதி ரெக்ஸின் என்று பாருங்கள். 'லெதர் சீட்' என்று விற்கப்பட்ட கார்களில் பலவற்றில் முதுகும் தொடையும் படும் நடுப்பகுதிதான் தோல். பக்கவாட்டும் சீட்டின் பின்புறமும் அதே நிறத்தில் செய்த ரெக்ஸின். விளம்பரத் தாளில் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், ஒரு நட்சத்திரக் குறி போட்டு இதைச் சொல்லியிருப்பார்கள். பல லட்சம் ரூபாய் வண்டியில் எது தோல், எது பிளாஸ்டிக் என்று பெரிய எழுத்தில் எழுத வைக்க இங்கே ஆள் இல்லை. விரலால் அழுத்திப் பாருங்கள்: தோலாக இருந்தால் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஒழுங்கில்லாமல் ஓடும்; ரெக்ஸின் மொத்தமாகக் குழியும். சந்தேகம் தீரவில்லையென்றால் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். வெட்டு விளிம்பில் நார் நாராக இருந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்ஸின். முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை, லெதர் வாசனை ஸ்ப்ரேயாகவே விற்கிறது. ரெக்ஸின் பகுதிக்குக் கண்டிஷனரே (தோலுக்கென்று விற்கும் க்ரீம்) தேவையில்லை, கழுவினால் போதும்.

முதலில் வாக்குவம். மெத்தென்ற பிரஷ் முனையைப் போட்டு, தையல் இடுக்குகளில் இருக்கும் மணலை எடுத்துவிடுங்கள். மணல் இருக்கும்போது தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். பிறகு கிளீனர். தோலுக்கென்றே விற்கும், நீரில் கரையும் கிளீனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு குழந்தை ஷாம்பு. துணி சோப்பு, வாஷிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் பார் எதுவும் கூடாது. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது; இவையெல்லாம் காரம். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது, மாதாமாதம் செய்தால் தெரியும். வினிகர், பற்பசை, ஷேவிங் ஃபோம், தின்னர், சானிடைசர் என்று வீடியோக்களில் காட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

கரைசலை சீட்டில் ஊற்றாதீர்கள். ஒரு கிண்ணத்தில் நுரை எழுப்பி, நுரையை மட்டும் ஒரு மென்மையான பிரஷ்ஷில் எடுங்கள். பழைய ஷேவிங் பிரஷ் அருமையாக உதவும். உள்ளங்கை அளவு இடத்தை வட்டமாகத் தேய்த்து, பிழிந்த வெள்ளைத் துணியால் உடனே துடையுங்கள். வெள்ளைத் துணி என்பது முக்கியம். துணியில் பழுப்பாகவும் கறுப்பாகவும் வந்தால் அழுக்கு; சீட்டின் நிறமே வந்தால் பூச்சு தளர்ந்துவிட்டது, அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். சிறு துளைகள் போட்ட பகுதியில் நுரையும் குறைவாகவே போகட்டும், உள்ளே போன ஈரம் ஃபோமில் தங்கி நாறும். ஹெட்ரெஸ்ட்டுக்கு ஒரு தடவை போதாது. அது தலையெண்ணெயும் வியர்வையும் வருடக்கணக்கில் ஊறிய இடம். ஒருமுறை கழுவி, காயவிட்டு, மறுநாள் திரும்பச் செய்யுங்கள். நாலைந்து தடவையில் பெருமளவு வெளுக்கும். முழுக்கப் போகாமலும் இருக்கலாம். பூச்சைத் தாண்டி எண்ணெய் இறங்கியிருந்தால் அது போகாது, ஹெட்ரெஸ்ட்டுக்கு மட்டும் புது உறை தைப்பதுதான் வழி. எல்லாம் முடிந்ததும் நிழலில் கதவுகளைத் திறந்துவைத்து உலர்த்துங்கள். வெயிலில் காட்டுவது, ஹேர் டிரையர் பிடிப்பது இரண்டும் தோலை இன்னும் விறைக்க வைக்கும்.

கழுவி உலர்ந்ததும் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பு என்று நீங்கள் நினைத்ததில் ஒரு பகுதி, காய்ந்துபோன பாலிஷ் அடுக்குதான். அது போனதும் தோல் தானே கொஞ்சம் இளகியதாகத் தெரியும். மீதி விறைப்பு வெயில் கொடுத்தது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அந்தச் சூட்டில் தோலுக்குள் இருக்கும் ஈரப்பதம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கண்டிஷனரைவிட நிழல் பெரிய மருந்து. சன் ஃபிலிம் ஒட்டலாமே என்பீர்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு விதி திருத்தப்பட்டது; முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் புகுந்தால் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் ரோட்டில் நிறுத்துகிறவரிடம் அதை அளக்கக் கருவியும் இருக்காது, கேட்கப் பொறுமையும் இருக்காது. வம்பே வேண்டாமென்றால், நிறுத்தும்போது மட்டும் முன் கண்ணாடிக்கு மடிக்கிற மறைப்பு வையுங்கள், சீட்டின் மேல் ஒரு காட்டன் துண்டு போடுங்கள்.

துண்டு என்றுதான் சொன்னேன், சீட் கவர் என்று சொல்லவில்லை. கவர் போட்டால் தோல் தப்பிக்கும் என்பது பொதுவாகச் சரிதான், ஆனால் உங்கள் வண்டி மாதிரி உள்ளவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன் சீட்டின் சாய்மானத்தில், கதவுப் பக்க ஓரத்தில், ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தையலுக்குள் ஒரு காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. பக்கவாட்டில் மோதல் நடந்தால் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் அது வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த ஓரத்தை வேறு விதமான நூலால் தைத்திருப்பார்கள். இறுக்கமான கவரை மேலே போட்டால் பை விரியத் தடை. 'ஏர்பேக்குக்கு ஏற்ற கவர் சார்' என்று விற்பார்கள். அந்த ஓரத்தை இழுத்துப் பாருங்கள், மற்ற இடங்களில் இருக்கும் அதே கெட்டி நூலால் அங்கேயும் தைத்திருந்தால் அது வெறும் வாய்ப்பேச்சு. தோலையே மாற்றித் தைக்கும்போதும் இதே கவலைதான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற இணைப்பைக் கழற்றத் தெரிந்த ஆள்தான் அந்த சீட்டைத் தொட வேண்டும். இணைப்பு கழன்ற நிலையில் யாராவது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்தே கிடக்கும். அதற்காக அந்த விளக்கையே செயலிழக்க வைத்துவிட்டு வண்டியை விற்கிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் என்பதால் இன்றே பாருங்கள்: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சீட் வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். உங்கள் சீட்டில் அந்த லேபிள் இல்லையென்றால், விளக்கைப் பார்ப்பது தவிர இந்தப் பத்தியில் மற்றதை மறந்துவிடலாம்.

வெடிப்புக்கு வருகிறேன். எந்த கண்டிஷனரும் வெடிப்பை மூடாது. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் பூச்சு மட்டும் விரிந்திருக்கிறது. சுத்தமாக வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டலாம், அல்லது தோலுக்கான நிறத்தைப் பூசச் சொல்லலாம். ஷூ பாலிஷ் பூசுகிறவர்களிடம் மாட்டாதீர்கள், அது சட்டையில்தான் ஒட்டும். நகம் இறங்கி, உள்ளே நார் தெரிந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் மாற்ற வேண்டும். முழு சீட்டையும் மாற்றச் சொல்வார்கள், தேவையில்லை. சென்னைப் பக்கம் போகிறவர் இருந்தால் பெரியமேட்டில் தோல் வாங்கலாம், ஆனால் ஷூவுக்கான தோல் வேண்டாம், சீட்டுக்கான தோல் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஷூ தோல் இந்த வெயிலுக்கும் உராய்வுக்கும் என்று செய்ததில்லை.

கண்டிஷனர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் நீரில் கரையும் க்ரீம் வகை. பத்து ரூபாய் நாணயம் அளவு எடுத்து ஒரு சீட்டுக்கு மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். வெடிப்பு வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும், மேலே உராய்வைக் குறைக்கும். அந்த அளவுக்குத்தான் அதற்கு வேலை. துடைத்த பிறகும் பளபளத்தால் அதிகம் பூசியிருக்கிறீர்கள்.

பின் சீட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அங்கே அதிகம் யாரும் உட்காராமல் இருந்தால் ஈரத்துணி மட்டும் போதும்.