ஸ்லிப்பர் வழுக்கத்தான் வேண்டும்

செந்தூல் வாசகர்: என்னுடையது 1/10 அளவு ரிமோட் கார், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் பக்கி. ஜம்ப்பில் இறங்கும்போதெல்லாம் டிஃப் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல்) கரகரக்கிறது. ஸ்லிப்பர் (அதிக சுமை வந்தால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) நட்டை இன்னும் இறுக்கட்டுமா அண்ணே?

ஐயோ, வேண்டாம் தம்பி! காற்றில் பறக்கும்போதும் திராட்டலை விடாமல் பிடித்திருப்பீர்கள். வெறித்தனமாகச் சுழலும் டயர் மண்ணைத் தொட்டதும் சட்டென்று தடைபடும். அந்த அடியை யாராவது வாங்கியாக வேண்டும். ஸ்லிப்பர் வாங்கினால் அதன் உராய்வுத் தட்டான பேட் கொஞ்சம் தேயும். குண்டுகள் வைத்த பால் டிஃப் வாங்கினால் குண்டும் தட்டும் சேர்ந்து போகும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பர் கியரையும் (மோட்டார் சுற்றும் பெரிய பற்சக்கரம்) ஒரு பின்சக்கரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு மற்ற சக்கரத்தை முன்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்லிப்பரின் நட் சேர்ந்து சுற்றினால் வழுக்குவது ஸ்லிப்பர், நல்லது. நட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் வழுக்குவது டிஃப். முதலில் டிஃப்பைச் சரியாக இறுக்கிப் பாருங்கள். அப்போதும் அதுவே வழுக்கினால் ஸ்லிப்பரைத் தளர்த்துங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: நாங்கள் ஓட்டுவது செம்மண் தளம். எவ்வளவு தளர்வு சரி?

பக்கியை நிறுத்தி வைத்து ஒரேயடியாக திராட்டல் கொடுங்கள். ஓரிரு அடி தூரத்துக்கு ஸ்லிப்பர் 'கீ...' என்று வழுக்கிவிட்டு அப்புறம் பிடித்தால் போதும். முதல் நாள் மழை பெய்திருந்தால் காலையில் ஈரமண்ணை டயர் நன்றாகக் கவ்வும். சுமையெல்லாம் ஸ்லிப்பர் மேல் விழுந்து சூடாகும். அப்போது நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். வெயில் ஏறிப் புழுதி கிளம்பியதும் பழையபடி விட்டுவிடுங்கள். நேற்று வைத்த அளவே இன்றைக்கும் போதும் என்று இருப்பவர்தான் பாதி ரேஸில் காரைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு மோட்டார் அலறுகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது.

பேட் சூடேறிக் கண்ணாடிபோல் மினுங்கிப் போயிருக்கும். கழற்றிப் பாருங்கள். சமதளத்தில் 400 நம்பர் உப்புத்தாளை வைத்து, பளபளப்பு போகும்வரை பேட்டையும் உலோகத் தட்டையும் இலேசாகத் தேயுங்கள். ஆல்கஹாலால் தட்டைத் துடைத்தபின் விரல் படக்கூடாது. முறுக்கு தின்ற கையோடு மாட்டிவிட்டு, 'புது பேட்டும் வழுக்குதே' என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நட்டையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் நைலான் வளையம் பலமுறை கழற்றி மாட்டினால் பிடியை இழந்து, ஓட ஓடத் தானாகத் தளரும். புதிது போடுங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்வரை இறுக்கியும் வழுக்கினால் பேட்டின் காலம் முடிந்தது. இது புரியாத நாளில் நானும் மல்லுக்கட்டி ஓட்டினேன்; ஸ்பர் கியரின் நடுப்பகுதி உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக இரண்டு சலவை பிடித்தது.

ஜெலுத்தோங் வாசகர்: என் 1/8 நைட்ரோ பக்கியில் ஸ்லிப்பரைக் காணோமே?

இருக்காது. அந்த வேலையை, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே இருக்கும் நடு டிஃப் பார்த்துக்கொள்கிறது. நட்டைத் தேடாமல் அதற்குள் ஊற்றும் சிலிகான் எண்ணெயின் தடிமனை மாற்றிப் பாருங்கள்.

கெப்போங் வாசகர்: கம்பளத் தளத்தில் ஓட்டுபவர்கள் ஸ்லிப்பரையே கழற்றிவிடுகிறார்களாமே?

சிலர் செய்கிறார்கள், குண்டுகளுக்குப் பதில் பற்சக்கரங்கள் வைத்த கியர் டிஃப் போட்டுக்கொண்டு. உங்கள் காரில் இருப்பது பால் டிஃப் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.