எடுத்த படமும் தொகுத்த படமும்

கேள்வி: வகுப்புப் பயிற்சிக்காக ஆறு நிமிடக் குறும்படம் ஒன்றை இயக்கினேன். படப்பிடிப்பில் நிறைவாகத் தோன்றிய காட்சிகள் படத்தொகுப்பில் ஒட்டவில்லை. எதிரெதிரே அமர்ந்து உரையாடும் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் தெரிகிறது. ஒலியும் வெட்டுக்கு வெட்டு மாறுகிறது. எங்கே தவறினேன்?

பதில்: இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை உங்கள் கேமரா தாண்டியிருக்கிறது. அக்கோட்டின் ஒரே பக்கத்தில், அதாவது 180 பாகைக்குள், கேமரா நின்றிருந்தால் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் பார்ப்பதாகத் திரையில் தெரியும். மீண்டும் படமாக்க இயலாதெனில், அந்த இரு ஷாட்களுக்கு நடுவே கைகளையோ மேசைப் பொருளையோ காட்டும் குளோசப் ஒன்றைச் செருகுங்கள். பார்வையாளரின் திசையுணர்வு சற்றுத் தளர்வதால் தாவல் அவ்வளவாக உறுத்தாது.

ஒலிச்சிக்கல் இதைவிடப் பொதுவானது. முதல் படத்தில் இதிலிருந்து தப்பியவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். யாரும் பேசாத அறைக்கும் தனக்கென ஓர் ஓசை உண்டு என்பதால், ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்தவுடன், அனைவரும் அசையாமல் நிற்க, அதே மைக்கில் 30 நொடிகளேனும் அவ்வோசையைத் தனியே பதிவுசெய்து, பின்னர் வெட்டுகளுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடவிடுவது வழக்கம். (அந்த அரை நிமிடத்தில்தான் யாருக்காவது தும்மல் வரும்!) பதிவுசெய்யத் தவறியிருந்தால், வசனங்களுக்கு இடைப்பட்ட மௌனங்களைத் திரட்டிப் பயன்படுத்தலாம்.

ஆசிரியரிடம் ஒப்படைக்கும் குறிப்பில் இப்பிழைகளை மறைக்க வேண்டாம். எந்த ஷாட்டில் கோடு தாண்டியது என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.